ஷட்டரில் ஒட்டிய நோட்டீஸ்

திருவனந்தபுரத்தில் சாலை என்று பெயர்கொண்ட கடைவீதியில், ஒரு சந்துக்குள், என் சட்டைகளைத் தைத்துத் தந்தவர் திருநெல்வேலிக்காரர். கடையின் ஆழம் ஆறடி. துணி அலமாரியும் வெட்டும் மேஜையும் போட்டால் உள்ளே இடமில்லை. தையல் மெஷின் வாசலுக்கு வெளியே, சாக்கடை ஓடையை மூடிய கல்லின்மேல், தகரச் சாய்ப்புக்குக் கீழே இருந்தது. அந்த மூன்றடிதான் அவருடைய கடை. வெளிச்சம் அங்கேதான், வருகிறவர்கள் நிற்பதும் அங்கேதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை, தைத்த சட்டையை வாங்கப் போனபோது கடப்பாரைகளோடு மாநகராட்சி ஆட்கள் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். ஓடையை அகலப்படுத்தப் போகிறார்கள், சாய்ப்பும் கல்லும் போக வேண்டும்.

"பதினஞ்சு திவசம் முன்னே நோட்டீஸ் தந்ததல்லே?" என்றார் ஓவர்சியர்.

"எந்த நோட்டீசு? யாரு கையில குடுத்திய?" என்றார் தையல்காரர்.

"ஷட்டரில் ஒட்டியிட்டுண்டு. நோக்கு."

ஷட்டரை இறக்கினோம். ஒரு கட்சி மாநாட்டின் சுவரொட்டி. தையல்காரர் வாளித் தண்ணீரை அடித்தார், நான் உரித்தேன். அதன் கீழே ஒரு தொழிற்சங்கம். அதற்கும் கீழே முத்திரையோடு அரைப்பக்க மலையாளம். அவருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. நான் வாசித்துச் சொன்னேன். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். கெடு முந்தின நாளோடு முடிந்திருந்தது.

ஒட்டிய தேதியைப் பார்த்தேன். அன்று ஹர்த்தால். சாலையில் ஒரு கடைகூடத் திறக்காத நாள். அன்றிரவே தொழிற்சங்கம் அதன்மேல் பசை தடவியிருக்கிறது. மறுநாள் காலை அவர் வழக்கம்போல் ஷட்டரைத் தூக்கிவிட்டார். சுவரொட்டிகளை யார் வாசிக்கிறார்கள்?

ஓவர்சியர் மதியம்வரை பொறுப்பதாகச் சொன்னார். மாநகராட்சி அலுவலகத்துக்கு ஓடினோம். கோப்பில் குறையே இல்லை. 'நபர் ஸ்தலத்தில் இல்லாததால் சாட்சிகள் முன்னிலையில் ஒட்டப்பட்டது.' இரண்டு சாட்சிகள், இரண்டு கையெழுத்துகள். இருவரும் பசை வாளி தூக்கிப்போன ஊழியர்களே. ஒருவர் அந்த அலுவலகத்துப் பியூன். அவருடைய காக்கி பேன்ட்டுகளைத் தைப்பதும் இதே தையல்காரர்தான். பியூன் வராந்தாவில் நின்றிருந்தார்.

"ஏன்வே, போன வாரம் வந்து இடுப்பை லூசாக்கச் சொன்னீரு. அரை மணிக்கூர் எம் முன்னால ஸ்டூல்ல இருந்து சாயா குடிச்சீரு. ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"அது ஆபீஸ் காரியமல்லே, அண்ணாச்சி. ஒட்டச் சொன்னாங்க, ஒட்டினேன். சொல்லச் சொல்லலியே."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. என் ஆத்திரம் இன்றும் ஆறாததற்குக் காரணம் அதுதான். அந்த அலுவலகத்தில் அறிவிப்பு என்பது ஒரு காகிதத்தை இடம் மாற்றுவது. அது ஒருவருக்குத் தெரிய வந்ததா என்று எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. ஓடையை அகலப்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மழைக்கு அந்தச் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஆனால் எதிர்மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. முந்தின வாரம்தான் ஒரு வளையல் வியாபாரி அதைப் பிடித்திருந்தார். விஷயம் தெரிந்திருந்தால் தையல்காரர் அங்கே போயிருப்பார்.

இரண்டு மணிக்குச் சாய்ப்பு இறங்கியது. மெஷின் உள்ளே போனது, அதற்கு இடம்விட்டு வெட்டும் மேஜை வெளியேறியது. அதன்பிறகு அவர் தரையில் குந்தித் துணி வெட்டினார். பகலிலும் டியூப்லைட் எரிந்தது.

நான் அவர் பெயரில் மலையாளத்தில் ஒரு புகார் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, மெஷினில் இருந்தவர் கையிலேயே உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். பெயர், இனிஷியல், கடை எண், சந்து, எதிலும் பிழையில்லை. உள்ளே மூன்று வரி. வாசித்தேன்: மேற்படி நபரை மேற்படி விலாசத்தில் காண முடியாததால் நோட்டீஸ் விதிப்படி ஒட்டப்பட்டது, மேல்நடவடிக்கை தேவையில்லை.

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கடுதாசியை யாருக்குவே அனுப்பியிருக்கான்?" என்றார்.