ஒரு சிட்டிகைப் பெருங்காயம்

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை; ரத்தப் பரிசோதனையிலேயே வந்த முடிவு. ஸ்வீடனில் எங்கள் சமையலறையில் இரண்டு டோஸ்டர்கள். ஒன்று எனக்கு, ஒன்று மகள் மீனாவுக்கு. என் ரொட்டித் தூள் அவள் தட்டில் விழுந்தாலே ஆகாது. சின்ன வயதிலிருந்தே டைப் ஒன் சர்க்கரை நோயோடு மல்லுக்கட்டுகிறவளுக்குப் பதினோரு வயதில் சீலியாக் நோயும் சேர்ந்துகொண்டது. கோதுமை உள்ளே போனால் குடல் புண்ணாகும். "ராஜபாளையத்துக்காரனுக்கு ரொட்டி எதுக்கு?" என்று மார்தட்டி, இட்லி, சாம்பார், ரசம் என்று நானே களத்தில் இறங்கினேன். ஆறு மாதமாகியும் வயிற்றுவலி போகவில்லை. ரத்தத்தில் கோதுமையால் ஏறிய எதிர்ப்பொருள் அளவும் இறங்கவில்லை.

டாக்டரம்மா தாளில் ஒரு குடலை வரைந்தார். சுவரோரம் காவல் அணுக்கள். வருவதெல்லாம் அந்நியம்தான், ஆனாலும் "சோறுதான், விடு" என்று மற்றவர்களை அடக்குவதற்கென்றே சில அணுக்கள் இருக்கின்றனவாம். வாயைப் பிளந்துவிட்டேன். விமான நிலையத்தில் என் ஒற்றைப் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள். என் வயிறோ வத்திராயிருப்பு மாங்காயையும் இந்த ஊர் மீனையும் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே விட்டிருக்கிறது! மீனாவுக்குள் அந்தச் சமாதானக்காரர்களின் பேச்சு எடுபடவில்லை. காவல்காரர்கள் கோதுமையைப் பகை என்றார்கள். இன்சுலின் சுரக்கும் சொந்த அணுக்களையே அந்நியர் என்று அடித்துவிட்டார்கள். "இந்த நாட்டுக்கு வராமலே இருந்திருந்தால் இது வந்திருக்காதோ?" என்று கேட்டேன். நான் ஊருக்குக் கிளம்புவதாக நினைத்தாரோ என்னவோ, "இன்சுலினைக் கைப்பையில் கொண்டுபோங்கள்" என்றார்.

கோடை விடுமுறைக்கு அப்படியே கொண்டுபோனோம், ராஜபாளையத்தில் அக்கா வீட்டுக்கு. எதை எடுத்தாலும் லேபிள் படிப்பது மீனாவின் பழக்கம். அடுப்படியில் பெருங்காய டப்பாவைத் திருப்பினாள். வருஷாவருஷம் நான் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போகிற அதே டப்பா.

"அப்பா, இதுல கோதுமை மாவு இருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். "ஏலே, நீ படிச்சவன்தானா? புள்ளைக்கு இம்புட்டு நாளா இதையா போட்ட?"

"நம்ம ஊருப் பெருங்காயம்னு நம்பிட்டேன்க்கா."

பரிகாரமாக, மறுநாள் மீனாவை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா வாங்கக் கூட்டிப்போனேன். "மாவு கலந்திருக்கா?" என்று மூன்று தடவை கேட்டதில் கடைக்காரர் முகம் சிவந்துவிட்டது. "பாலும் சீனியுந்தான். ஒமக்கு எந்த ஊருய்யா?" என்றார். ராஜபாளையம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஸ்வீடன்" என்றேன். மீனா சீனிக்கு ஏற்ற இன்சுலினைக் கணக்குப் போட்டு ஏற்றிக்கொண்டு, இலையை வழித்துத் தின்றாள்.

ஸ்வீடன் திரும்பி வந்து பெருங்காயமில்லாமல் சமைத்தேன். சில மாதங்களில் அந்த எதிர்ப்பொருள் அளவு முதல்முறையாக இறங்கியது. ஒரு சிட்டிகை மாவை மோப்பம் பிடித்த அந்தக் குடலை நினைத்தால் இப்போதும் புல்லரிக்கிறது. மிச்ச டப்பாக்கள் பால்கனியில் பனி மூடிக் கிடக்கின்றன. உள்ளே சேர்க்கவும் முடியவில்லை, எறியவும் மனசில்லை.

பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "ரசம் நம்ம ஊரு மாதிரி இருக்கா?" என்று மீனாவிடம் கேட்டேன்.

"ஊரு தெரியலை. வயிறு வலிக்கலை."