ஜெஃப்ரியின் சாவை வாங்கிக்கொண்டவர்

என் மச்சான் ஹைதர் எங்கள் தீவின் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. கல்யாண மண்டபத்துக்குக்கூட முதல் ஆளாகப் போய், நாற்காலி போடுகிறவர்களோடு சேர்ந்து நாற்காலி போடுவார். அவர் மனைவி, என் லாத்தா ஹபீபா பீவி, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு மூத்தவள், ஒரே உடன்பிறப்பு.

லாத்தாவின் இதய வால்வு கெட்டுப்போயிருப்பது தெரிந்த ஆண்டுதான் அவர் ஓய்வு பெற்றார். அதன் பிறகு அவளை விட்டு நகரவில்லை. அவள் படியேறினால் பின்னாலேயே ஏறுவார். தூங்கினால் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பார்.

“எனக்கு வால்வுதான் கெட்டுப்போச்சு. இவரு என் மூச்சையே அடைக்கிறாரு,” என்றாள் என்னிடம். அவருக்கு வேலை தேடிக் கொடுத்ததும் அவள்தான்.

படப்பிடிப்புகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஃபிக்ரி எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். எழுபதுகளில் விமானம் கடத்திய ஒரு பயங்கரவாதியின் வாழ்க்கையை, பிறந்ததிலிருந்து பிடிபட்டது வரை, ஒரு வெளிநாட்டு நிறுவனம் எட்டுப் பாகத் தொடராக எடுத்துக்கொண்டிருந்தது. விமானத்துக்குள் நடக்கும் பாகத்தைக் கடலுக்கு அக்கரையில், தாசேக் கெலுகோரில் பழைய ரப்பர் கிடங்கு ஒன்றில் எடுத்தார்கள். அதில் ஹைதர் ஒரு பணயக்கைதி. பதினான்காம் வரிசை, ஓர இருக்கை.

“என்னங்க வேலை?” என்று லாத்தா கேட்டாள்.

“உக்காந்திருக்கணும். பயப்படணும்.”

“அதத்தானே வீட்டுல சும்மா செய்றீங்க. போய்ட்டு வாங்க லா.”

மூன்று வாரம் அப்படி உட்கார்ந்தார். கேமரா ஒருமுறை பார்த்த முகம் அதே சட்டையில், அதே இருக்கையில் தினமும் இருந்தாக வேண்டும். காலையில் கைப்பேசியை ஃபிக்ரியின் பையில் போட்டுவிட்டு உள்ளே போனால், கதவை அடைத்துவிடுவார்கள். சன்னல்களுக்கு வெளியே கறுப்புத் துணி. மாலையில் வீடு திரும்பியதும், “இன்னிக்கும் இறங்கல,” என்பார்.

லாத்தாவின் அறுவை சிகிச்சை அடுத்த வாரத்துக்கு நிச்சயித்திருந்தது. அதற்குள் விமானம் இறங்கிவிடும் என்று ஃபிக்ரி சொல்லியிருந்தான். ஆனால் புதன்கிழமை காலை மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். அன்று முறை இருந்தவருக்குக் காய்ச்சலாம். லாத்தாவை இன்றே எடுத்துக்கொள்கிறோம், நாலு மணிக்கு, என்றார்கள். நான்தான் அழைத்துப் போனேன்.

கட்டிலில் படுத்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். “உள்ள போறதுக்கு முன்னாடி அவர்கிட்ட மாப்பு கேக்கணும். ஃபோன்ல வேணாம், நேர்ல.”

ஹஜ்ஜுக்குப் புறப்பட்டாலும், பெரிய அறுவைக்குப் போனாலும் எங்களில் அது வழக்கம். கையைப் பிடித்து, தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இருவரும் கேட்டுக்கொள்வார்கள். முப்பத்தாறு வருடத் துணையிடம் கேட்காமல் மயக்க மருந்தை ஏற்க அவளுக்கு மனமில்லை.

ஃபிக்ரியை அழைத்தேன். அவனால் சாப்பாட்டு இடைவேளையில்தான் ஹைதரிடம் சொல்ல முடிந்தது. அதன் பிறகு கிடங்கில் நடந்ததை, அடுத்த இருக்கையில் இருந்த ஜெஃப்ரி பின்னர் எனக்குச் சொன்னார். ஜெஃப்ரி கத்தோலிக்கர், ஓய்வு பெற்ற குமாஸ்தா.

ஹைதர் உதவி இயக்குநர் இமானிடம் ஓடினார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டதாம். ஆனாலும், “அங்கிள், இன்னிக்கு முழு கேபினும் எடுக்கிறாங்க. உங்க சீட் காலியா இருந்தா மூணு வாரமும் வீண். யாரையும் அனுப்ப முடியாது,” என்றாள்.

“யாருமே போக முடியாதா?”

“சுடப்படுறவர் மட்டும் போலாம்.”

அன்று சுடப்பட வேண்டியவர் ஜெஃப்ரி. மனைவி மார்த்தாவிலிருந்து தேவாலயப் பாடகர் குழு வரை எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

“ஜெஃப்ரி, உன் சாவ எனக்குக் குடுத்துடு.”

“என்னண்ணே, ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி செத்துப் பழகிட்டிருக்கேன்!”

“ஹபீபாவுக்கு நாலு மணிக்கு ஆபரேஷன்.”

ஜெஃப்ரி எழுந்து இமானிடம் போனார். இயக்குநரும் ஒப்புக்கொண்டார். ஹைதரின் சட்டைக்குள் சிவப்புச் சாயப் பையைக் கட்டினார்கள்.

ஒரு மணிக்குச் சுட்டார்கள். ஹைதர் சரிந்தார், சரியும்போது, சாகும் தறுவாயில் நாங்கள் சொல்லும் கலிமாவை உரக்கச் சொன்னார். இயக்குநர் நிறுத்தச் சொன்னார். கதைப்படி சாகிறவர் ஒரு கிறிஸ்தவப் பொறியாளர்.

புதுச் சட்டை, புதுப் பை, தரையைத் துடைத்தல் என்று முக்கால் மணி நேரம் போனது. இரண்டாம் முறை சத்தம் வரவில்லை, உதடு அசைந்தது. மறுபடி நிறுத்தினார்கள்.

“என்னண்ணே இது? நடிப்புதானே!” என்றான் ஃபிக்ரி.

“விழுறப்ப தானா வருதுடா. சொல்லாமப் போய்ட்டா?”

“எங்க போகப் போறீங்க? ஆஸ்பத்திரிக்குத்தானே!”

மணி இரண்டரையை நெருங்கியது. ஜெஃப்ரி குனிந்து அவர் காதில், “பல்ல கடிச்சுக்கிட்டு மனசுக்குள்ள சொல்லுண்ணே. கேக்க வேண்டியவருக்குக் கேக்கும்,” என்றார். மூன்றாம் முறை ஹைதர் வாய் திறக்காமல் செத்தார். சட்டை மாற்றக்கூட நிற்கவில்லை. ஃபிக்ரியின் காரில் பாலம் தாண்டி மருத்துவமனைக்கு வந்தபோது நாலு ஆகப் பதினைந்து நிமிடம் இருந்தது.

நெஞ்செல்லாம் சிவப்பாக ஓடி வருகிறவரைக் காவலாளி விடுவாரா? சக்கர நாற்காலியில் அமுக்கி, அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பொத்தான்களைக் கழற்றிக் காட்டிய பிறகே விட்டார்கள்.

அவர் மேலே வந்தபோது லாத்தாவின் கட்டிலைத் தள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

“யா அல்லா, என்னங்க ரத்தம்?”

“ஒண்ணுமில்ல, சாயம். சுட்டுட்டாங்க.”

“யாரு?”

மூச்சு வாங்க அவர் சொல்லிக்கொண்டே கட்டிலோடு நடந்தார். ஜெஃப்ரியின் சாவை வாங்கியது, மூன்று முறை செத்தது, சக்கர நாற்காலி. லாத்தா சிரிக்கத் தொடங்கினாள். தாதி அதட்டியும் சிரிப்பை அடக்க முடியவில்லை. “எங்க போனாலும் முன்னாடியே போய் நிக்கிற ஆளு,” என்றாள். மாப்பு கேட்பதற்குள் அறுவை அறையின் கதவு மூடிக்கொண்டது.

அவள் கண் விழிக்கவில்லை.

ஜனாஸாத் தொழுகைக்குமுன் பள்ளிவாசல் இமாம், மறைந்தவருடைய தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்படி கூடியிருந்தவர்களிடம் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள், “பொறுத்துக்கிட்டேன்,” என்று ஹைதரின் குரல் முன்வரிசையிலிருந்து வந்தது.

அவருடைய பங்கு முடிந்தது. அவள் சொல்ல வேண்டிய பங்குதான் இல்லை. தொடர் வெளியாகிவிட்டது, அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் மாலை அஸர் தொழுதுவிட்டு என் வீட்டுக்கு வருகிறார். தேநீர் ஆறியதும் கேட்கிறார்:

“நீ கூடவே இருந்தியே மச்சான். என்னப் பொறுத்துக்கிட்டேன்னு எப்பயாவது சொன்னாளா?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் அவர் எழுந்து வீட்டுக்குப் போகலாம். அவளுக்காக அதைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

“சிரிச்சா மச்சான்,” என்கிறேன்.

அவர் தலையாட்டுகிறார். மறுநாளும் வருகிறார்.