விதைநெல்லில் வைத்த மடிக்கணினி

அண்ணனின் மடிக்கணினியில் சத்தம் வருவதை முதலில் கவனித்தவர் அப்பா. கூடத்தில் கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தவர், "உள்ள என்னம்மா வண்டு கத்துது?" என்று கேட்டார்.

"வண்டு இல்லப்பா, லேப்டாப்புல இருக்குற ஃபேன்."

"அதுக்குள்ள ஃபேன் வேறயா?" என்றார். ஊசியைச் சாக்கில் குத்திவைத்துவிட்டு, "கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த அச்சத்தை நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

அண்ணன் இறந்தது அதற்கு முந்தைய புரட்டாசியில். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் வாய்க்கால் கரைச் சாலையில், மழைக்கு நடுவே, வண்டி சறுக்கிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவனை மதகருகே கரையேற்றியபோது அப்பா அங்கே இருந்தார். தன் புறங்கையை அவன் மூக்கருகே வைத்தவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை என்று பிறகு சொன்னார்கள். தோள்பை மட்டும் தண்ணீருக்குள் போகாமல் காட்டாமணக்குப் புதரில் சிக்கி, மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. மடிக்கணினி அதற்குள் இருந்தது.

எங்கள் வீட்டில் விதைநெல்லுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவுத் தீட்டு கழியும்வரை அந்த மூட்டையை யாரும் தொடுவதில்லை. தொட்டால் முளைப்பு குறையும் என்பார்கள். அப்பா அதை ஒருநாளும் மீறியவர் அல்லர். ஆனால் நனைந்த கைப்பேசியை அரிசியில் புதைத்து வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். பால் தெளித்த மறுநாள் காலையில் நேராக விதைமூட்டையிடம் போய்க் கட்டை அவிழ்த்தார்.

அத்தைதான் தடுத்தாள். "அண்ணே, தீட்டோட வெதமூட்டைய அவுக்குறியே, அடுத்த போகம் வெளங்குமா?"

"எந்தப் போகம்?" என்றார் அப்பா. பிறகு, யாருக்கோ விளக்குவதுபோலச் சொன்னார்: "வீட்டுலயே நல்லாக் காஞ்சது இதுதான். மூணு வெயில் பாத்த நெல்லு."

மடிக்கணினியை நெல்லுக்குள் புதைத்துக் கட்டினார். கருமாதி முடிந்த மறுநாள் எடுத்து, துடைத்து, என்னிடம் கொடுத்தார். மின்னிணைப்பைக் கொடுத்தேன். திரையில் வெளிச்சம் வந்தது. மதகருகே அழாதவர், பந்தல் முழுக்க ஆட்கள் இருந்தபோதும் அழாதவர், அப்போது அழுதார்.

அதன்பின் துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் ஒரே செய்தியைத்தான் சொன்னார்: "நெல்லுல போட்டேன். பொழச்சுக்கிச்சு." அந்த மாதங்களில் அவர் தானாக வாய் திறந்து பேசியது ஏறக்குறைய அவ்வளவே.

நெடுநாள் அலமாரியில் இருந்த மடிக்கணினியை, தமிழ் முதுகலை ஆய்வேட்டுக்காக நான்தான் வெளியே எடுத்தேன். தஞ்சாவூருக்குப் பேருந்தில் கொண்டுபோய்க் கொண்டுவந்த இரண்டாம் வாரத்தில் சத்தம் தொடங்கியது. எனக்குக் கணினியைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் ஒரு சொல்லின் பொருள் தெரியாதபோது அது வரும் இடங்களையெல்லாம் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. சத்தத்தையும் அப்படியே குறித்தேன். இயக்கியவுடன் வருவதில்லை, சூடேறிய பிறகுதான் வருகிறது. எழுதும்போது குறைவு, காணொளி ஓடும்போது மிகுதி. திறந்திருக்கும் செயலிகளை ஒவ்வொன்றாக மூடினால் தணிகிறது, ஆனால் முற்றாக நிற்பதில்லை. இடப்பக்கத்தை ஒரு தீப்பெட்டி உயரம் தூக்கி வைத்தால் நின்றுவிடுகிறது.

கடைசிக் குறிப்புதான் என்னை யோசிக்க வைத்தது. வெறும் தூசியாக இருந்தால் சாய்வுக்கு ஏற்ப இடம் மாறாது. உள்ளே உதிரியாக ஏதோ உருள்கிறது. மடிக்கணினியை அணைத்துக் கவிழ்த்து, அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகளில் கைப்பேசி வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பார்த்தேன். விசிறியின் இறக்கைகளுக்கு இடையே பொன்னிறத்தில் ஒரு முனை தெரிந்தது. எங்கள் ஊரில் அது என்னவென்று யாரும் கேட்கத் தேவையில்லை.

உடனே மூடி வைத்தேன். அப்பாவின் நெல்தான் அதைக் கெடுக்கிறது என்பது அவருக்குத் தெரியக்கூடாது. அதுவொன்றே என் எண்ணமாக இருந்தது.

அவர் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நாளாகப் பார்த்து, தனியாகத் தஞ்சாவூர் போய்ச் சரிசெய்து வரத் திட்டமிட்டேன். அன்று காலை அவர் வெள்ளைச் சட்டை அணிந்து வாசலில் நின்றார்.

"நெல்லு நாளைக்குப் போடலாம். நானும் வரேன்."

"வெறும் தூசிதான்பா. நான் பாத்துக்கறேன்."

"தனியா அனுப்ப மனசு வரல" என்றார். என்னைச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பேருந்தில் பையை அவரே மடியில் வைத்துக்கொண்டார்; பள்ளங்களில் வண்டி குலுங்கியபோதெல்லாம் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார்.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது கடை. பழுதுபார்ப்பவருக்கு நாற்பது வயதிருக்கும். கை வேலையில் இருக்க, வாய் ஓயாமல் பேசுபவர். மடிக்கணினியை இயக்கிக் காதருகே வைத்துக் கேட்டார். "ஃபேன்தாம்மா. இருங்க, தொறந்துருவோம்." திருகுகளைக் கழற்றி ஒரு காந்தத் தட்டில் வரிசையாக வைத்தார். அடிமூடியை எடுத்தவர் கடகடவென்று சிரித்துவிட்டார்.

"என்னம்மா, இதுக்குள்ள நாத்தங்கால் விட்டுருக்கீங்களா? போனை அரிசியில போட்டு எடுத்துட்டு வருவாங்க. நெல்லுல போட்டது இன்னிக்குத்தான் பாக்குறேன். எந்த மகராசன் பாத்த வேலை இது?"

"நான்தான் தம்பி" என்றார் அப்பா.

பழுதுபார்ப்பவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். தூசி என்ற பொய்யைப் பலவிதமாக எழுதித் திருத்தி வைத்திருந்தேன். அவை எதுவும் இனி உதவாது.

"தப்பில்லீங்க ஐயா, எல்லாரும் செய்யறதுதான்" என்றபடி இடுக்கியால் ஒரு முழு நெல்லை எடுத்து வெளியே வைத்தார். பிறகு உடைந்த உமித் துண்டுகள். நெல்லின் சுணைத் தூள் மெல்லிய பஞ்சுபோல விசிறியைச் சுற்றிப் படிந்திருந்தது. அதைத் தூரிகையால் தள்ளினார். ஓர் இறக்கையின் நுனி சில்லு பெயர்ந்திருந்தது. "இதைத் தின்னு தின்னுதான் கத்தியிருக்கு."

அண்ணன் நினைவுக்கு வந்தான். நான் தட்டோடு இந்த மடிக்கணினியின் பக்கத்தில் உட்கார்ந்தாலே கத்துவான்: "புலவரம்மா, ஒரு பருக்கை உள்ள போச்சு, தொலைச்சுருவேன்."

"தம்பி" என்று அப்பா மெதுவாகக் கேட்டார். "பையோட மழையில நனஞ்சது. நெல்லுல போடாம இருந்திருந்தா பொழச்சிருக்குமா?"

சொல்ல வேண்டாம் என்று நான் கடைக்காரருக்குச் சைகை காட்டியிருக்கலாம். பழுதுபார்ப்பவர் பலகையை விளக்கருகே சாய்த்து, ஆறுதல் சொல்வதாகவே நினைத்துக்கொண்டு, நேர்மையாகப் பதில் சொன்னார். "பாருங்க, துரு ஒண்ணுமில்ல. தண்ணி உள்ளயே போகலைங்க ஐயா, பை தாங்கியிருக்கு. சும்மா நாலு நாள் வச்சிருந்தாலே ஓடியிருக்கும்."

"சரி" என்றார் அப்பா.

பழுதுபார்ப்பவர் வேறு விசிறி மாட்டி, சூடு தணிக்கும் பசையைப் புதிதாகத் தடவி மூடினார். மேசைமேல் அந்த நெல் கிடந்தது. அப்பா அதை எடுக்கவில்லை. எடுப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். கடைக்காரர் உமியோடு சேர்த்து அதையும் துடைத்துக் கூடையில் தள்ளினார்.

திரும்பும்போது பையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சன்னல் பக்கம் அமர்ந்தார். எதிர் இருக்கையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பையைப் பார்த்து, "மகனோட லேப்டாப்பா? இன்னும் ஓடுதா?" என்று விசாரித்தார். அப்பா வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. "ஓடுது" என்று முடித்துக்கொண்டார்.

மாலையில் ஆய்வேட்டைத் திறந்தேன். சத்தம் இல்லை. அவ்வளவு சத்தமின்மையை நான் விரும்பவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கூடத்திலிருந்து எழுந்துவந்த அப்பா வாசற்படியில் நின்றார்.

"ஓடுதாம்மா?"

"ஓடுதுப்பா."

"ஒண்ணுமே கேக்கல."

"புது ஃபேன்ப்பா. அப்படித்தான் இருக்கும்."

அருகே வந்து தரையில் அமர்ந்தார். மடிக்கணினியின் பக்கவாட்டுத் துளைகளுக்கு எதிரே புறங்கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

"வருது" என்றார்.

மடிக்கணினியை ஆய்வேடு எழுத மட்டும் பயன்படுத்தினால் சூடு இறங்கும். சூடு இறங்கினால் விசிறி தானாக நின்றுவிடும். அவர் கையை எடுக்கும் வழியாக இல்லை. ஒரு காணொளியைத் திறந்தேன். ஒலியை அடைத்துவிட்டு இன்னொன்றைத் திறந்தேன். பிறகு அண்ணனின் கோப்புறைகளில் இருந்த பெரிய கோப்புகளை, என்னவென்று பார்க்காமல், ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே இருந்தேன்.