உப்பளத்தில் மலைத்தவளை

கேளம்பாக்கம், கோடை 1974. உப்பளத்தின் ஓரமாக எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. என் மடியிலுள்ள கண்ணாடி பாட்டிலில் கட்டைவிரல் அளவு பச்சை மரத்தவளை. வால்பாறை மலையில் தேயிலைக்காக வெட்டிச் சாய்த்த காட்டில் எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். மாமல்லபுரத்தில் தவளை வளர்க்கும் நண்பரிடம் கொண்டுபோகிறேன். மலையிறங்கியதிலிருந்து இதனிடம் சத்தமே இல்லை. வெயிலில் தோல் காய்ந்துகொண்டே வருகிறது.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள்.

"இன்னா சார், தவளையா? இங்க கத்த வுடாத. கத்திச்சின்னா மழை வரும், உப்பெல்லாம் கரஞ்சி பூடும்."

"எங்க கத்தப்போவுதும்மா? தண்ணியில்லாம செத்துடும் போலிருக்கு."

அவள் தன் உப்புக் குவியலைப் பார்க்கிறாள், பாட்டிலைப் பார்க்கிறாள். பிறகு குடிதண்ணீர்ச் சொம்பை நீட்டுகிறாள்.

"நீயே ஊத்து சார். என் கையெல்லாம் உப்பு."

ஊற்றுகிறேன். கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு அதன் தொண்டை பலூன் மாதிரி வீங்குகிறது. டக், டக், டக் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்துகிறது. ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள்.

வானத்தில் ஒரு மேகமும் இல்லை. ஆனாலும் அவள் ஓடிப்போய்க் குவியல்மேல் ஓலையை இழுத்துப் போடுகிறாள். திரும்பும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"மூடிட்டேன் சார். இன்னொரு வாட்டி கத்தச் சொல்லு."