மாமனுக்காக வந்தவன்

என் மனைவியின் தம்பி ஆறுச்சாமியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதும் நாள் வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். துடியலூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். கைவேலை சுத்தம், ஆனால் அப்போதெல்லாம் காலையில் மட்டும்தான். மத்தியானத்துக்கு மேல் போனால் மோட்டார் இருக்கும், ஆள் இருக்க மாட்டான்.

கேட்டால் முதுகு வலி என்பான், தூக்கம் வரவில்லை என்பான், சிநேகிதர்கள் விடவில்லை என்பான். குலதெய்வம் கோயிலில் அவன் செய்த சத்தியங்கள் அந்தச் சாமிக்கே மறந்திருக்கும். கடைசியில் அவன் மனைவி சண்முகப்பிரியா மகளைக் கூட்டிக்கொண்டு அவிநாசியில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். சமாதானம் பேசப் போன என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"சத்தியமெல்லாம் போதுங்ணா. நான் குடிகாரன்னு அவரு வாயால ஒருக்கா ஒத்துக்கட்டும். அப்பறம் பேசலாம்."

வந்து அவனிடம் சொன்னேன். "நான் குடிகாரனுங்களா மாமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் உள்ளே எங்கோ தைத்திருக்கிறது. உக்கடம் பக்கம் செம்புக் கம்பி வாங்கப் போனவன், ஒரு சர்ச் சுவரில், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஞாயிறு காலையில் கூடுவார்கள் என்று எழுதிய பலகையைப் பார்த்திருக்கிறான். துடியலூர் என்றால் தெரிந்த முகம் நாலு இருக்கும். இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? அப்படியும் இரண்டு ஞாயிறு அந்தத் தெருவையே வண்டியில் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டானாம். அடுத்த வாரம் கேட்டில் நின்ற தேவதாஸ் என்பவர், "ஏனுங்க, வெயில்ல நிக்காம உள்ள உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். மரியாதையாகக் கூப்பிட்ட பிறகு போகாமல் இருப்பது எங்கள் ஆட்களால் முடியாத காரியம். போய் உட்கார்ந்துவிட்டான்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. ஞாயிறு காலையில் எங்கோ போகிறான், அன்றைக்குக் குடிக்காமல் வருகிறான், அவ்வளவுதான் அப்போது தெரியும். ஒரு ஞாயிறு, "வண்டி ஸ்டார்ட் ஆகலீங் மாமா, உக்கடம் வரைக்கும் கொண்டுபோய் உடுங்க" என்று வந்து நின்றான்.

சர்ச்சுக்குப் பின்னால் சின்ன ஹால். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தேவதாஸ் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டீங்களா! மாப்பிள்ளை வாரா வாரம் உங்களப் பத்தித்தான் பேசுவாருங்க. நீங்க வந்ததே பெருசுங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவர் டீ கொண்டுவந்தார். பக்கத்தில் இருந்தவர் குனிந்து, "அன்னூர் கல்யாணத்துல பந்தியில உழுந்தத நெனச்சே கொழப்பிக்காதீங்க. நானெல்லாம் அதுக்கும் மேல செஞ்சுபோட்டு வந்தவன்" என்றார்.

அன்னூர் கல்யாணத்தில் பந்தியில் விழுந்தவன் ஆறுச்சாமி. தூக்கி வேனில் போட்டவன் நான். அப்போதுதான் உறைத்தது. இந்தப் பயல் முதல் நாளே, "எங்க மாமாவுக்காக வந்தேனுங்க" என்று சொல்லி, தன் கதை முழுவதையும் என் தலையில் கட்டியிருக்கிறான். என் வாயில் பீர்கூடப் பட்டதில்லை! அவர்களும் மாமாவைக் கூட்டி வாங்க, கூட்டி வாங்க என்று வாரா வாரம் கேட்க, மறுக்க வாய் வராமல் நிஜமாகவே கூட்டி வந்துவிட்டான்.

ரத்தம் கொதித்தது. எழுந்து நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று அவனைத் தேடினேன். கதவோரம் ஒரு நாற்காலியைப் பிடித்தபடி, முகம் வெளுத்து நின்றிருந்தான். நான் ஒரு வார்த்தை சொன்னால் அப்படியே வெளியே போய்விடுவான், அப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டான் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தேன்.

ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, தான் குடிகாரன் என்பதையும் சொல்லிக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. குடும்ப மானத்துக்காக அந்தப் பொய்யையும் சொல்லித் தொலைப்போம் என்று எழுந்தேன்.

"மாமா, நீங்க உக்காருங்க" என்றான் ஆறுச்சாமி. "அவரில்லீங்க. அவரு தொட்டதே இல்லீங்க. பந்தியில உழுந்தது நானுங்க. எம் புள்ளையத் தலைகுனிய வெச்சது நானுங்க. எம் பேரு ஆறுச்சாமி. நான் குடிகாரனுங்க."

சிரித்துவிடுவார்களோ என்று பயந்தேன். யாரும் சிரிக்கவில்லை. தேவதாஸ்தான் பேசினார். "இங்க பாதிப் பேரு மொதல்ல சொந்தக்காரருக்காகத்தான் வந்தோமுங்க. நான் எந் தம்பிக்காக வந்தேன். எனக்குத் தம்பியே கெடையாதுங்க."

இன்றைக்கும் ஆறுச்சாமி ஞாயிறு தவறாமல் அங்கே போகிறான். கேட்டில் தயங்கி நிற்பவர்களை உள்ளே அழைத்துப் போவது இப்போது அவன் வேலை.

அன்று வெளியே வந்ததும் திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். "நேரா அவிநாசி போலாங்களா மாமா?" என்றான். வண்டியைத் திருப்பினேன்.

பிரியாவின் அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமனார் எதிரில் நிமிர்ந்துகூடப் பேசாதவன், நிலைப்படியில் நின்றபடியே, அவர் காதுபட, மனைவியிடம் அதே வார்த்தைகளைச் சொன்னான். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. எத்தனையோ தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறேன். அவனைப் போல ஒருவனைப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் வேண்டாத ஆள் வாசலில் வந்து நின்றாலும் 'வாங்க' என்று சொல்லாமல் இருக்க மாட்டோம். பிரியா மாதக்கணக்கில் அதை அவனுக்குச் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னாள்.