A, P என்று எழுதிய இரண்டு டிரம்கள்

மலேரியா ஆபீஸின் சிமென்ட் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. கொசுப்புழுவைத் தின்பதற்காகக் கிணறுகளில் விடும் கப்பி மீன்களை அங்கே வளர்த்தார்கள். பெண் மீன்கள் வெளிறி இருந்தன. ஆண்களின் உடம்பில்தான் கலர். சில புள்ளிகள் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும், மகளுக்குப் போகாது என்று காலேஜில் படித்திருக்கிறேன். பரீட்சைக்காகப் படித்தது. அன்றுதான் உறைத்தது: இந்த மீன் தன் பெயர்ப்பலகையைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. எந்த மொழிக்காரரும் அதைத் தப்பாகப் படிக்க முடியாது.

இது ஏன் எனக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டது என்று சொல்ல, சிப்பிகாட் என்ற ஊரில் பேச்சியம்மாள் அக்காவின் குளத்துக்குப் போக வேண்டும்.

நான் மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்து மீன் பண்ணையில் சேர்ந்த புதிது. அக்கா திருநெல்வேலிப் பக்கம். வயலின் பள்ளத்தில் குளம் வெட்டி ஜிலேபி மீன் விட்டிருந்தார். ஜிலேபி சின்னதாக இருக்கும்போதே குஞ்சு பொரித்துவிடும். தீனிக்கு ஆள் கூடிப்போய் ஒன்றுமே பெரிதாகாது.

"தம்பி, இது குளமா, பிரசவ ஆஸ்பத்திரியா?" என்றார் அக்கா. "இன்னொரு தடவை பொடியாப் போச்சுன்னா, மூடிட்டு வாழை வைக்கணும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரு."

ஆண் மீனை மட்டும் விட்டால் தீர்ந்தது என்றேன்.

பண்ணையில் நானும் ஃபீல்டுமேன் சோம்ராவும் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து பிரித்தோம். சோம்ரா ராஞ்சிக்காரர், என் வயதுதான். விரல் நீள மீனை மல்லாத்தி, வயிற்றின் பின்முனையில் உள்ள சின்ன முளையில் மை தொட்டால் துவாரம் தெரியும். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு இரண்டு. அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எனக்கு இந்தி எழுத்து வராது. அதனால் டிரம்களில் இங்கிலீஷில் பெயின்ட் அடித்தேன். ஆணுக்கு A, பெண்ணுக்கு P.

A டிரம்மைக் குளத்தில் கொட்டினோம். சில மாதங்களில் கரையோரமெல்லாம் பொடிமீன்.

சோம்ராவிடம் கோபமாகப் போய் நின்றேன். "ஹம் தோ டீக் டாலா, சார்," என்றார். அவர் சரியாகத்தான் போட்டாராம். "A-ல ஔரத், P-ல புருஷ்."

ஔரத் என்றால் பெண். புருஷ் என்றால் ஆண். அவரும் தப்பு செய்யவில்லை, நானும் தப்பு செய்யவில்லை. ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு கல்யாணக் கூட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கிறோம்.

இருவருமாகப் போய்ச் சொன்னோம். அக்காவின் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்தார். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ரெண்டு பேரும் படிச்ச புள்ளைங்கதான்," என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "வாழை எங்கயும் ஓடிராது. இன்னொரு தடவை பாப்போம்."

அந்த வார்த்தைக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். அன்று குளம் மூடப்பட்டிருந்தால் என் உற்சாகமும் அதோடு மூடப்பட்டிருக்கும்.

குளத்தை வற்றவைத்து மறுபடி தொடங்கினோம். இந்த முறை ஆண் டிரம்மில் சோம்ரா ஒரு மீசை வரைந்தார். மீன்கள் உள்ளங்கை அகலம் வந்தன. வீட்டுக்காரர் குழம்பில் இன்னொரு துண்டு கேட்டார், வாழைப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனாலும் எங்கள் கண்ணுக்குத் தப்பிய பெண்கள் சில இருந்தன. கொஞ்சம் பொடியும் வந்தது. பல ஊர்க்காரர்கள் வேலை செய்யும் இந்தத் தீவில், எதை எழுதினாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்லுங்கள் என்பதுதான் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்லக்கூடியது. அதைவிட நல்லது, எழுதவே தேவையில்லாத குறியைத் தேடுவது.

அதே குளத்தில் வாலடியில் கறுப்புப் புள்ளியோடு ஓர் ஆண் ஜிலேபி கிடைத்திருக்கிறது. வயலோரக் குழி ஒன்றை அக்கா எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார். புள்ளியில்லாத பெண் மீன்களோடு அதை அங்கே விடப்போகிறோம். குஞ்சுகள் வளர்ந்ததும் மை தொட்டுப் பார்க்க வேண்டும். கப்பியைப் போலப் புள்ளி மகன்களுக்கு மட்டும் வருகிறதா, எல்லாவற்றுக்கும் வருகிறதா, எதற்குமே வரவில்லையா?

"வந்தாலும் வராட்டியும் குழி உங்களுக்குத்தான்," என்றார் அக்கா. "கரையில போர்டு மட்டும் எழுதி வச்சிராதீங்க தம்பி."