மாடிப் பலகை

ரங்கூனில் நான் எத்தனையோ கட்டடம் கட்டியிருக்கிறேன். என்னைச் சக்கையாய்ப் பிழிந்தது லான்மடாப் பேட்டையில் கட்டின அந்த மருந்துவீடுதான். பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்களுக்குள் வெட்டுக்குத்து நடந்துகொண்டிருந்த சமயம். துறைமுக வேலை யாருக்கு என்பதில் ஆரம்பித்த சண்டை. ஒரு தெருவில் நம்ம ஆட்கள், அடுத்ததில் பர்மாக்காரர்கள். அடிபட்டவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எந்த வண்டிக்காரனும் வரமாட்டேன் என்றான். வைத்தியம் பார்க்கிறவர்கள் அங்கேயே தங்கி வேலை செய்ய நடுவிலே ஒரு வீடு வேண்டும், உடனே வேண்டும் என்று சென்னையிலிருந்து வந்திருந்த டாக்டரய்யா என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

மனை கைக்குட்டை அகலம். கீழே கட்டுப்போடுகிற கூடம், மேலே நர்ஸம்மாக்கள் தங்க மாடி என்று அவரே படம் போட்டுக் கொடுத்தார். நல்ல மழைக்காலம், கணுக்கால்வரை சேறு. கல் வந்து விழுந்தால் வேலையை நிறுத்து, ஓய்ந்தால் மறுபடி சாரத்தில் ஏறு. சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தினமும் திட்டிக்கொண்டேதான் ஏறினேன். என் ஆட்கள் எல்லாரும் தமிழர்கள். அந்த நேரத்தில் பர்மாக்காரன் எவன் என்னோடு வேலைக்கு வருவான்? ஆனாலும் மாடித் தளத்துக்குத் தேக்குப் பலகை இழைத்து அடித்தேன் பாருங்கள், சும்மா சொல்லக் கூடாது, எறும்பு நுழைய இடம் கிடையாது.

வீடு திறந்ததும் நம்ம தெருக்காரர்கள் வந்து கட்டுப்போட்டுக்கொண்டு போனார்கள். பர்மாக்காரர் தெருவிலிருந்து ஈ காக்கா வரவில்லை. “வீம்பு பிடிச்ச ஜனங்க” என்று டாக்டரய்யா அலுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாடிப்படிக்குக் கைப்பிடி பொருத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கொட்டுகிற மழையில் ஒரு பர்மாக்காரப் பெண் தன் புருஷனைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவனுக்கு விலாவில் கத்திக்குத்து. அவன் மேலே பார்த்தான். மாடி ஜன்னலில் நர்ஸம்மாவின் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், வாசல் தூணைக் கட்டிக்கொண்டான். அவள் கும்பிட்டாள், அழுதாள், முதுகில் ரெண்டு அடிகூட வைத்தாள். ஆள் நகரவில்லை. ரத்தம் தூணில் வழிகிறது.

எனக்கு வந்த கோபம்! “செத்துத் தொலையப் போறானா என்ன? என்னவாம் அவனுக்கு?” என்று கத்தினேன்.

மூத்த நர்ஸம்மா பர்மாவிலேயே வேறொரு ஜாதி, கரேன். நம்ம ஆட்களோடு பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். “பொம்பளைங்க நடமாடுற தளத்துக்குக் கீழே இவங்க ஆம்பளைங்க படுக்க மாட்டாங்க, மேஸ்திரி. படுத்தா ஆம்பளையோட மகிமை போயிடும்னு நம்பிக்கை. இப்ப நான் கீழேதான் நிக்கிறேன், ஆனா என் படுக்கை மேலேதானே இருக்கு? வந்த அன்னைக்கே டாக்டர்கிட்டே சொன்னேன். காதுல போட்டுக்கலே.”

டாக்டரய்யா தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வைத்துத் தைக்கலாமென்றால் மழை விடவில்லை. நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

“பைத்தியமா உனக்கு? ராத்திரி நர்ஸுங்க எங்கே படுப்பாங்க?” என்று டாக்டரய்யா கீழேயிருந்து கத்தினார்.

“முதல்ல அவன் படுக்கட்டும், ஐயா!”

நர்ஸம்மா என் பின்னாலேயே ஏறி வந்தார். படுக்கையையும் துணிமணியையும் சுருட்டிக்கொண்டு பின்னால் மரம் போட்டுவைத்திருந்த ஓலைக்கொட்டகைக்குப் போய்விட்டார். நானே அடித்த பலகைகளை நானே பெயர்த்தேன். இவ்வளவு இறுக்கமாய் ஏண்டா அடித்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். கீழேயிருந்து அவன் பெண்சாதி, சீக்கிரம், சீக்கிரம் என்று அவள் பாஷையில் அலறிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கூடத்துக்கு மேலே உத்திரமும் கூரை ஓடும்தான் மிச்சம். அவன் அண்ணாந்து பார்த்தான். தூணை விட்டான். உள்ளே வந்து படுத்தான்.

பிழைக்கவில்லை. ரத்தம் ரொம்பப் போய்விட்டது என்றார் டாக்டரய்யா.

மறுநாள் காலையில் அவரே வந்து, “போனவன் போயிட்டான், மேஸ்திரி. கொட்டகை பூரா ஒழுகுது, நர்ஸுங்க நனைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. பலகையைத் திரும்ப அடிச்சுடு” என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். உத்திரத்தில் ஏறி உட்கார்ந்து முதல் பலகையை இழுத்தேன்.

வாசலில் சத்தம் கேட்டது. கால் ஒடிந்த ஒருவனை அந்தத் தெரு ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்து, உள்ளே வராமல் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் அவள், நேற்றைய ரத்தம் படிந்த அதே ரவிக்கையோடு. மேலே கையைக் காட்டி அவர்களிடம் என்னவோ சொன்னாள்.

“மேலே ஒண்ணும் இல்லே, நானே பார்த்தேன், பயப்படாம வாங்கன்னு சொல்றா” என்றார் நர்ஸம்மா.

எல்லாரும் அண்ணாந்து என்னைப் பார்த்தார்கள். நான் பலகையைச் சுவரோரமாய்க் கீழே போட்டேன். டாக்டரய்யா அந்தப் பலகையை ஒருதரம் பார்த்தார். மழையில் இறங்கி ஓடி, அந்த ஒடிந்த காலை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார்.